யாரும் சொல்லாத பதில்கள்

மதுமிதாவுக்குக் கேள்வி கேட்பதுதான் பிழைப்பு. தபால் வழியில் சமூகவியல் எம்.ஏ. முடித்தவள். ஒன்பது வருடங்களாக, திருவண்ணாமலைப் பக்கம் எந்த நிறுவனம் சர்வே எடுக்க வந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடும். கழிப்பறை, பற்பசை, குழந்தைத் திருமணம் என்று அவள் கேட்காத சங்கதி இல்லை. பதிலை வாயில் திணிக்கக் கூடாது, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பதில் மகா கறார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து தானே பதில் சொல்ல ஆரம்பித்தால் கையிலிருக்கும் டேப்லெட்டை மூடிவிட்டு மறுநாள் போவாள்.

போன வருடம் சென்னை ஆய்வு நிறுவனம் ஒன்று, மாவட்டத்துச் சமூகங்களின் வாழ்க்கையைப் பற்றிச் சர்வே எடுத்தது. வந்தவாசிப் பக்கத்து ஜைனர் கிராமங்கள் இரண்டு அவள் பங்குக்கு வந்தன. ஒன்று அவள் பிறந்த ஊர். சொந்த ஊரில் தானே கேட்பது முறையல்ல என்று அதை வேறொருத்திக்கு மாற்றச் சொல்லிவிட்டு, மற்ற ஊரின் நாற்பத்தொரு வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அங்கே குசுமாவதி என்ற அம்மாள், இரண்டரை ஏக்கரில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை போடுகிறவர், ஒன்றரை மணி நேரம் பொறுமையாகப் பதில் சொன்னார். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டபோது மட்டும் சிரித்துவிட்டார். "இப்ப நீயும் நானும் பேசுறது இன்னா பாஷைமா?" வெளி மாநிலத்திலிருந்து எப்போது வந்தீர்கள் என்ற கேள்விக்கு, இங்கேதான் இருக்கிறோம், எங்கள் கோயில் எப்போது கட்டியது என்றே யாருக்கும் தெரியாது என்றார். எல்லாவற்றையும் டேப்லெட்டில் ஏற்றி, நோட்டிலும் எழுதிக்கொண்டாள் மதுமிதா.

மூன்று மாதம் கழித்து, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்த அலுவலகத்துக்கு, அவள் எடுத்த பதில்களின் அச்சுப் பட்டியலில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினாள். தாய்மொழி இந்தி. தொழில் வியாபாரம். பிற மாநிலத்திலிருந்து குடியேறியவர்கள். நாற்பத்தொரு வீடுகளுக்கும் ஒரே மாதிரி.

சூப்பர்வைசர் சுரேஷ்குமார் அலட்டிக்கொள்ளவில்லை. பதில்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று கம்ப்யூட்டர் காட்டியதாம், அதனால் சரி செய்தாராம். "ஜைனர்னா சேட்டுங்க தானே. யாவாரம் தானே பண்ணுவாங்க?"

"நானும் ஜைனர்தான் சார். மூணு மாசமா என்கிட்ட எந்த பாஷையில பேசிட்டிருக்கீங்க?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? நீங்க எப்ப மாறுனீங்க?"

அதற்குப் பதில் சொன்னால் கை நீண்டுவிடும் என்று தோன்றியது. பட்டியலைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

ஆய்வுக்குத் தலைவரான பேராசிரியர் தேவிப்ரியா, ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். அவர் குரலை உயர்த்தாமல் பேசினார். அவள் கோபம் நியாயம்தான் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆனா நீங்களும் அதே சமூகம். பதில்களை உங்க பக்கம் சாய்ச்சிட்டீங்கன்னு நாளைக்கு யாராவது சொன்னா?"

"சுரேஷ்குமார் சார் எந்தச் சமூகம்னு கேட்டீங்களா மேடம்?"

பேராசிரியர் பட்டியலை வாங்கிப் புரட்டினார்.

சந்தேகமிருந்தால் வேறு ஆளை அனுப்பி ஐந்து வீட்டில் மறுபடியும் கேளுங்கள் என்றாள் மதுமிதா. எந்த ஆய்விலும் செய்கிற சோதனைதான் அது. அறிக்கைக்கு நாள் நெருங்கிவிட்டது, அடிக்குறிப்பு ஒன்று போடலாம் என்றார் அவர். 'இவை நான் சேகரித்த பதில்களே' என்று அச்சிட்டிருந்த வரியை மதுமிதா அவர் எதிரிலேயே அடித்தாள். 'இவை யாரும் சொல்லாத பதில்கள்' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

நோட்டின் நகல்களை, ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நிறுவனத்தின் அறக்குழுவுக்கும் அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சர்ச்சைக்குரிய நாற்பத்தொரு வீடுகளும் அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டனவாம். திருத்தச் சொன்னால் ஆளையே எடுத்துவிட்டார்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே குசுமாவதியிடம் போனாள். நடந்தது முழுவதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்ப அந்தப் புஸ்தகத்துல நாங்க இல்லவே இல்லியா?"

"இல்லம்மா."

"பேப்பர் எடு. நான் சொல்றேன், எழுது. நடுவுல ஒண்ணும் மாத்தாத."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அதை வீடு வீடாகப் படித்துக் காட்டினார்கள். ஒரு வீடு விடாமல் தமிழில் கையெழுத்து விழுந்தது. கடிதம் நிறுவனத்துக்குப் போன ஐந்தாவது வாரம், அறிக்கையின் கடைசியில் அரைப் பக்கத் திருத்தம் சேர்ந்தது: இவர்கள் தமிழர்கள், உழவர்கள், இம்மண்ணுக்குரியவர்கள். தவறு யாருடையது என்று அதில் இல்லை. வருந்துகிறோம் என்ற சொல்லும் இல்லை. யாரும் அவளுக்குத் தகவல் சொல்லவில்லை. அவளாகத்தான் தேடிக் கண்டுபிடித்தாள்.

அடுத்த மாதம் புது சர்வே ஒன்றுக்கு ஆள் வேண்டுமென்று சுரேஷ்குமாரே போன் செய்தார். பழசை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லி, மதுமிதா போனை வைத்தாள்.