மூன்றாவது ஓலை

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஒரு கலியாணம் என்றால், பூசை முடிகிற நேரத்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று பங்குச் சுவாமி சொல்லுவார். தடை சொல்ல ஒருவர் எழுந்ததை நான் கண்டதில்லை. மூன்றாவது ஓலையும் வாசித்தாகிவிட்டால் ஊரைப் பொறுத்தவரை கலியாணம் நடந்த மாதிரித்தான். பந்தலும் சாப்பாடும் மட்டும்தான் மிச்சம்.

கலியாணத்துக்கு மட்டும் இல்லை, பீடத்தில் இருந்து மூன்று முறை சொல்லப்பட்ட எதையும் எங்கள் ஆட்கள் அப்படித்தான் எடுப்பார்கள். அப்படித்தான் நான் வாசிகசாலைக்கு வாழ்க்கைப்பட்டேன்.

பேசாலைக்குப் பக்கத்தில், தீவின் வடகரையில் எங்கள் ஊர். மாரி தொடங்கி வாடைக்காற்று எழும்பினால் எங்கள் கடலில் போட் இறக்க முடியாது. பாதி ஆண்கள் தெற்குக் கரைக்கு, சிலாவத்துறைக்கும் அதற்கு அப்பாலும் போய், ஓலைக் கொட்டில்களில் வாடி போட்டுத் தொழில் செய்வார்கள். மற்றவர்கள் வீட்டில் இருப்பார்கள். வீட்டில் இருக்கும் மீனவரைப் போல அலுப்பான ஆள் உலகத்தில் கிடையாது. கிழிந்த வலை பொத்துவார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், பெண்கள் எதைச் செய்தாலும் பிழை பிடிப்பார்கள். மூன்று மணியானதும் எல்லோரும் வாசிகசாலைக்குக் கரம் போர்ட் அடிக்க வருவார்கள்.

நான் பட்டம் முடித்து ஊருக்குத் திரும்பி வந்த பிறகு வந்த முதல் மாரி அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு வைப்பவர். அம்மா தன் பெயரை எழுதுவார், அதற்கு மேல் எழுத மாட்டார். பல்கலைக்கழகத்துக்கு நான் போன அன்று அப்பா என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை நடந்தார். கையில் தூக்கியிருக்கலாம். எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதான் தலையில் வைத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அந்தப் பெருமை இருக்கிறது, அதை நான் மறைப்பதில்லை.

வேலை கிடைக்கும் வரை சும்மா இருக்க மனமில்லாமல் நானே போய் வாசிகசாலையைக் கூட்டித் துடைத்தேன். யுத்தம் முடிந்த பிறகு கட்டிய ஓர் அறையும் ஒரு விறாந்தையும்தான் அது. இரண்டு இரும்பு அலுமாரி, பிளாஸ்ரிக் கதிரைகள், ஒரு கரம் போர்ட். அலுமாரியில் புனிதர்களின் வரலாறும் பழைய பரீட்சை வினாத்தாள்களும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. காலை பஸ்ஸில் வரும் பேப்பர் மழையில் நனைந்தே வரும். கயிறு கட்டி, உடுப்புக் கவ்வியால் கவ்விக் காயவிடுவேன். கழுதைகள் மழைக்கு விறாந்தையில் வந்து நிற்கும், அவற்றைத் துரத்துவதும் என் வேலை. பின்னேரம் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை மூன்று மணி தொடக்கம் ஆறு மணி வரை பெண்களுக்கு என்று ஒரு சட்டம் போட்டேன். கரம் அடிப்பவர்கள் முணுமுணுத்துக்கொண்டு விறாந்தையில் கழுதைகளோடு நின்றார்கள். "கம்பசுக்கு அனுப்பினதே எங்களை வெளியில விடத்தான்" என்று ஒருவர் சொன்னார்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததால்தான் கொழும்பில் ஒரு வருட நூலகப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. ஜனவரி தொடக்கத்தில் வரும் மூவிராசாக்கள் திருநாள் முடிந்த கையோடு வகுப்புத் தொடங்கும். அந்த முறை தவறவிட்டால் அடுத்த முறை எப்போது ஆள் எடுப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அரிவாளில் வைத்த மீனைத் திரும்பவும் சட்டிக்குள் போட்டார்.

"கொப்பரிட்ட நான் சொல்லுறன். நீ வாயைத் திறவாதை."

அப்பா கொழும்பை ஒரே ஒரு முறைதான் பார்த்தவர். யுத்த காலத்தில் எஞ்சின் சாமான் வாங்கப் போனபோது, தங்கிய இடத்தில் பிடித்துக்கொண்டு போய் விசாரித்து, விடிந்த பிறகுதான் விட்டார்கள். அதைப் பற்றி அவர் கதைக்க மாட்டார். ஆனால் கொழும்பு என்ற சொல் தொலைக்காட்சியில் வந்தால் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவார்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பூசை முடிவில் சுவாமி அறிவித்தல்களை வாசித்தார். பாலன் குடில் கட்டுவதற்கு வைக்கோல் தேவை, சனிக்கிழமை சிரமதானம், கரோல் போக உழவு இயந்திரம் தருபவர்கள் பெயர் தரவும். பிறகு, "எங்கட வாசிகசாலை இனி வருசம் முழுக்கத் திறந்திருக்கும். அதின்ர பொறுப்பை எங்கட ஊரின்ர பட்டதாரி மகள் மனமுவந்து ஏற்றிருக்கிறா" என்றார்.

நான் மனமுவந்து எதையும் ஏற்றிருக்கவில்லை. ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் பெண்கள் பக்கம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. என் முகமும் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோயில் வாசலில் மச்சாள் என் கையைப் பிடித்தாள். அவள் என் மாமாவின் மகள், என்னோடு ஒன்றாகப் படித்து இடையில் நின்றவள்.

"முதலாம் ஓலை வாசிச்சாச்சு. மாப்பிள்ளைக்கு ரெண்டு அலுமாரி, ஒரு கரம் போர்ட். சீதனம் ஒண்டும் கேக்கமாட்டாராம்."

"போடி."

"கழுதையளும் உனக்குத்தான்."

சிரித்தோம். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டாவது ஞாயிறும் அதே அறிவித்தல். இந்த முறை சுவாமி கூடுதலாக, மற்ற ஊர்களுக்கு இது ஒரு முன்மாதிரி என்றும் சொன்னார். அன்று பின்னேரமே வலைக்காரர் ஒருவர் எனக்கென்று ஒரு மேசை கொண்டுவந்தார். அவர் தன் கையால் செய்து வார்னிஷ் பூசியது. இன்னொரு வீட்டில் இருந்து கதிரைக்கு மெத்தை வந்தது. நன்றி சொல்லி ஒவ்வொன்றாக வாங்கி வைத்தேன். ஒவ்வொரு சாமான் உள்ளே வரும்போதும் அறை எனக்குச் சின்னதாகிக்கொண்டு வந்தது. வெளியே மழை விட்டபாடில்லை. வாசிகசாலைக்கு வரும் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். மூன்று மணிக்குக் கரம் காய்கள் அடிபடும் சத்தம் தொடங்கும். ஈரத்தில் பவுடர் கட்டிப்பட்டுக் காய் ஓடாது. பவுடர் டப்பாவை மின்குமிழுக்குக் கீழே பிடித்துச் சூடாக்குவார்கள். அந்த மணத்துக்குள், அந்த மெத்தையில் இருந்துகொண்டு, நாற்பது வயதிலும் நான் இதே கதிரையில் இருப்பேன், இதே ஆட்கள் இதே பவுடரைச் சூடாக்குவார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் சுவாமியின் அறைக்குப் போனேன்.

"சுவாமி, நான் ஓமெண்டு சொல்லேல்லையே."

அவர் ஆச்சரியப்பட்டார். "உம்மட அப்பாதானே பிள்ளை வந்து பேர் தந்தவர்? என்ர மகள் செய்வாள், அவளுக்கு அதுதான் விருப்பமெண்டு."

கொழும்பு விசயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நத்தார் முடியட்டும், ஆறுதலாப் பாப்பம். ரெண்டு தரம் சொல்லியாச்சு. சனம் என்ன நினைக்கும்?"

நத்தார் முடிந்து ஆறுதலாகப் பார்க்கும்போது என் இடம் வேறு ஆளுக்குப் போயிருக்கும்.

அப்பா வாசிகசாலையில் கரம் அடித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் திருத்தக் கொடுத்திருந்ததால் அவரும் சித்தப்பாவும் அந்த முறை வாடிக்குப் போகவில்லை. நத்தாருக்குப் பிறகு போவதாக இருந்தது. மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்க விறாந்தைக்குப் போகும் வரை நின்றேன்.

"அப்பா, கொழும்பு விசயம் அம்மா சொன்னவாவோ?"

"சொன்னவா."

"பேந்து ஏன் என்ர பேரைக் குடுத்தனீங்கள்?"

அவர் சிவப்புக் காயை நடுவில் வைத்து, அதைச் சுற்றி மற்றக் காய்களை அடுக்கினார். "நான் போகாதையெண்டு சொன்னனானோ?"

"சொல்லேல்லை."

"படிச்ச பிள்ளைக்கு நான் அப்பிடிச் சொல்லுவனோ? சுவாமி ஆள் தேடினார். பேர் குடுத்தனான். இஞ்சை உனக்கு மேசை இருக்கு, மரியாதை இருக்கு. அங்கை உன்னை ஆரெண்டு தெரியும்?"

அவர் என்னைத் தடுக்கவில்லை. தடுக்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தார். அதனால் போய்ப் பீடத்தைக் கொண்டுவந்து என் வழியில் வைத்துவிட்டார். கோபப்படக்கூட இடம் இல்லை. அவர் கட்டிய கூட்டுக்குள் எல்லாமே எனக்குப் பிடித்த சாமான்களாக இருந்தன.

மூன்றாவது ஞாயிறு கோயில் நிரம்பியிருந்தது. வாடியில் இருந்த ஆண்களும் நத்தாருக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். சுவாமி அறிவித்தலை வாசித்துவிட்டு, என்னோடு நடந்த கதையை மறந்தாரோ, இல்லை அதை இலேசாக்க நினைத்தாரோ தெரியாது, பகிடியாகச் சொன்னார்: "மூண்டாம் முறையும் சொல்லியாச்சு. தடை இருக்கிறவை இப்பவே சொல்லுங்கோ, பேந்து கேக்கமாட்டன்."

சனம் சிரித்தது. நான் எழுந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தடை இருக்கு, சுவாமி."

சிரிப்புக் கூடியது. நானும் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்கள்.

"நான் கொழும்புக்குப் படிக்கப் போறன். மூவிராசாக்கள் திருநாளோட போயிடுவன். ஒரு வருசத்துக்கு என்னால ஏலாது."

ஒரு குழந்தை அழுத சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் இருந்த வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். ஆண்கள் பக்கம் பின்வரிசையில் இருந்து ஒரு குரல், உண்மையான கவலையோடு: "அப்ப கரம் போர்ட்?"

அதற்குக் கோயிலே அதிரச் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது சுவாமியைச் சுற்றிக் கூட்டம். யார் திறப்பது, யார் பூட்டுவது என்ற கதை. ஒருவரும் முன்வரவில்லை. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தண்ணீரைத் தாண்டி அப்பா வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சுவாமி, என்ர வீட்டில இருந்து ஒரு பேர் குடுத்தனான். குடுத்தது குடுத்ததுதான். நான் திறக்கிறன்."

"அண்ணை, உங்களுக்கு வாசிக்கத் தெரியாதே" என்றார் மேசை செய்த வலைக்காரர்.

"திறக்கத் தெரியும்."

அன்றில் இருந்து அப்பா என்னோடு கதைக்கவில்லை. நத்தார் வந்தது, பலகாரம் சுட்டோம், கரோல் வந்து பாடிவிட்டுப் போனது. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார். "தண்ணி வேணுமோ எண்டு கேள்" என்று அம்மா வழியாகக் கேட்டேன். "வேண்டாமெண்டு சொல்லு" என்று அம்மா வழியாகவே பதில் வந்தது. ஒரு சின்னக் குசினிக்குள் மூன்று பேரும் நின்றுகொண்டு இப்படி.

நத்தார் கழிந்து எஞ்சின் திருந்தி வந்தது. சித்தப்பா வேறு ஆளை ஏற்றிக்கொண்டு தெற்குக்குப் போனார். அப்பா போகவில்லை. கரையில் நின்று, கம்பான் கயிறு சுற்றி உதவிவிட்டு, மூன்று மணிக்கு வாசிகசாலையைத் திறக்க வந்தார். வாடியின் ஒரு பருவத்தை அவர் எனக்காக விட்டாரா, என்னைத் தண்டிக்க விட்டாரா என்று என்னால் சொல்ல முடியாது. அவரிடம் கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது.

போகிற காலை பெட்டியை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். வாசிகசாலை பூட்டியிருந்தது. விறாந்தையில் அப்பா கழுதைகளைத் துரத்திக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. கதவில் தொங்கும் ஆமைப் பூட்டுக்கு இரண்டு திறப்பு. ஒன்று அவரிடம். மற்றதை நூலில் கட்டி நான் வைத்திருந்தேன். அதைக் கழற்றி நீட்டினேன்.

"போட்டு வாறன், அப்பா. இந்தாங்கோ."

மூன்று கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு நேரே கதைத்தார்.

"அது உன்னோடையே இருக்கட்டும்."

பஸ் வந்துவிட்டது. நூலைத் திரும்பவும் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறினேன். தீவை விட்டுப் பாலத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் சாம்பல் நிறமாகக் கிடந்தது. சந்தோசம் வரும் என்று காத்திருந்தேன். நானாட்டான் சந்தி வரையும் வரவில்லை.

இப்போது கொழும்பில், மூன்று பெண்களோடு ஓர் அறையில் இருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் அம்மாவோடு தொலைபேசியில் கதைப்பேன். அப்பா வாசிகசாலையில் ஒரு புதுச் சட்டம் போட்டிருக்கிறாராம். கரம் பவுடர் டப்பா அவர் மடியில். யாராவது அன்றைய பேப்பரின் முன்பக்கத்தை உரத்து வாசித்தால்தான் பவுடர் வெளியில் வரும். வாசிக்கும்போது தடக்கினால் திரும்பவும் முதலில் இருந்து. "அண்ணை, இது கோடு மாதிரியெல்லோ இருக்கு" என்று ஒருவர் சொன்னாராம், அது நீதிமன்றத்தைத்தான். "கோட்டில பவுடர் குடுக்கிறேல்லை" என்றாராம் அப்பா. வெள்ளிக்கிழமை மச்சாள் பெண்களோடு வந்தால், அவர் எழுந்து விறாந்தைக்குப் போய்விடுவாராம்.

தொலைபேசியில் அவர் வரமாட்டார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அம்மா வைக்கப் போகும் நேரத்தில், பின்னால் எங்கோ இருந்து அவருடைய குரல் கேட்கும்.

"திறப்பு இருக்கோ எண்டு கேள்."

இந்த நகரத்தில் அந்தத் திறப்பால் திறக்க ஒன்றும் இல்லை. குளிக்கும்போது மட்டும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டுவேன். உடனே திரும்பப் போட்டுக்கொள்வேன். நூல் உரசி என் கழுத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது.

"இருக்கெண்டு சொல்லுங்கோ, அம்மா."