திட்டியது ஃபைலில் இல்லை

ஒரு திங்கட்கிழமை காலை புரொபசர் என்னைக் கூப்பிட்டு ஒரே வரியில் டிக்டேஷன் கொடுத்தார். டாக்டர் முருகையாவின் வேலை திருப்தியாக இல்லை, ரெஜிஸ்ட்ரார் பதவியிலிருந்து நீக்கப்படுகிறார்.

அறுபதுகளில் பம்பாயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சர்ஜரி டிபார்ட்மென்டில் நான் ஸ்டெனோ. ரெஜிஸ்ட்ரார் என்றால் வார்டில் வேலை பார்த்துக்கொண்டே எம்.எஸ். படிக்கும் டாக்டர். பதவி போனால் படிப்பும் போகும். முருகையா, தாராவியில் தோல் கிடங்கில் வேலை செய்தவரின் மகன்.

டைப் அடிக்குமுன் அவருடைய ஃபைலைப் புரட்டினேன். ஜாயினிங் ரிப்போர்ட், இரண்டு லீவ் லெட்டர். ஒரு மெமோகூட இல்லை. வெறுங்கையோடு திரும்பிப் போனேன்.

"என்ன ஓய், ஆச்சா?"

"ஃபைல்ல வார்னிங் ஒண்ணுமே இல்லையே சார். டீன் ஆபீஸ்ல கேப்பா."

"ஆபரேஷன் தியேட்டர்ல அவனைத் தினம் திட்டறேனே, எல்லாருக்கும் தெரியுமே!"

"திட்டினது ஃபைல்ல இல்லை சார்."

அவர் முகம் சிவந்தது. என் வேலையும் இன்றோடு போயிற்று என்று நினைத்தேன். ஆனால் அவர், "அவனை வரச் சொல்லும்" என்றார்.

புரொபசர் முருகையாவை உட்காரவைத்துப் பேசியது அன்றுதான் முதல் தடவை. விரல் நடுங்குவதால், வயிற்றின் ஆழத்தில் முருகையா போடும் தையல் முடிச்சு நிற்கவில்லை. ஒரு நோயாளிக்கு உள்ளே ரத்தம் கசிந்து, வயிற்றை மறுபடி திறக்க வேண்டியிருந்தது. அதையெல்லாம் அவர் நிதானமாகச் சொன்னார்.

"எல்லாரையும் ஏசுத மாதிரிதான் என்னையும் ஏசுதீங்கன்னு நெனச்சேன் சார். என் கையிலதான் கோளாறுன்னு யாருமே சொல்லலியே" என்றார் முருகையா.

ஆறு மாதம் அவகாசம் கிடைத்தது. ஆபரேஷனில் ஒரு சீனியர் அவர் பக்கத்திலேயே நிற்பார். முருகையாவின் வேலையைப் பற்றி வாரம் ஒரு குறிப்பை நான் டைப் அடிப்பேன். புரொபசரும் அவரும் கையெழுத்துப் போடுவார்கள். நோயைக் கண்டுபிடிப்பதில் முருகையா கெட்டிக்காரர் என்பது அந்தக் குறிப்புகளில்தான் தெரிந்தது. ஆனால் விரல் நடுக்கம் போகவில்லை.

ஆறு மாதம் முடிந்ததும் புரொபசர் சொன்ன நீக்கல் ஆணையை இந்தத் தடவை நான் அடித்தேன். முருகையா அதை இரண்டு முறை படித்தார்.

"அப்பாட்ட என்ன சொல்லன்னுதான் தெரியல, அண்ணாச்சி. ஆனா இதுல பொய்யா ஒரு வரி இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானமே புரொபசர், நோயைக் கண்டறியும் பெதாலஜி டிபார்ட்மென்டின் தலைவரைப் போய்ப் பார்த்தார். அடுத்த டெர்மில் முருகையாவுக்கு அங்கே இடம் கிடைத்தது. ஆனாலும் ஒரு வருஷம் வரைக்கும் காரிடாரில் புரொபசரைக் கண்டால் ஒதுங்கிப் போவார். அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

சிலரை நீக்கித்தான் ஆக வேண்டியிருக்கும். ஆனால் தன் குறையை ஒருவர் முதன்முதலாக அறிவது நீக்கல் ஆணையின் மூலமாக இருக்கக் கூடாது.