பவளம் வெளுத்த கோடை

1. கடல் டெஸ்க்

முதலாளி என்னைக் கடல் டெஸ்க்கில் உட்கார வைத்த அன்றைக்கு, நான் கடலைப் பார்த்திருந்தது திருச்செந்தூரிலும் ராமேஸ்வரத்திலும்தான். அதுவும் முழங்கால் அளவுத் தண்ணீரில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

தேனியில் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ் பழனி, சபரிமலை வேன் புக்கிங்கில் ஆரம்பித்தது. அப்புறம் ரயில், அப்புறம் விமானம். ஒருநாள் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏம்மா செல்வி, ஏலக்கா யாவாரிக வீட்டுப் பிள்ளைக எல்லாம் அந்தமான், மாலத்தீவுன்னு தண்ணிக்குள்ள முங்கப் போறாக. அந்த யாவாரத்த மதுரைக்காரனுக்கு ஏன் விடணும்? இனி நீ அதப் பாத்துக்க."

"எனக்கு நீச்சலே தெரியாதுண்ணே. காதுச் சவ்வுல வேற ஓட்டை."

"பிளேன் ஓட்டத் தெரிஞ்சுக்கிட்டா பிளேன் டிக்கெட் போட்ட?"

அதோடு பேச்சு முடிந்தது.

சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் முங்குகிற ஸ்கூபாவுக்கு இடம் பார்ப்பது என்றால் முக்கால்வாசி மாதம் பார்ப்பதுதான். மாலத்தீவில் ஆனைத்திருக்கை மீன் கூட்டமாக வருவது தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில். இலங்கைக்குக் கிழக்கே முங்கலாமென்கிற மாதத்தில் மேற்கே முங்க முடியாது. பாலித் தீவில் சூரியமீன் ஆடிக்கு மேல்தான் தட்டுப்படும். இதையெல்லாம் நான் படித்துப் படித்து மனப்பாடம் செய்தேன். ஆனால் நம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இந்த மாதமெல்லாம் ஒத்து வராது. மலைமேல் ஏலக்காய் எடுப்பு முடிந்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் லீவு விட்ட பிறகு சித்திரை, வைகாசியில்தான் வண்டி ஏறுவார்கள். கடல் சூடேறுகிற மாதமும் அதுவேதான்.

இன்னொரு தொல்லை, சைட்டிங். போன இடத்தில் பெரிய மீன் கண்ணில் படுமா, படாதா என்பது. போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் பரமசிவம் மாமா முதல் தடவை வந்தபோதே கேட்டார்.

"ஏத்தா, அம்மணி உழுவைன்னு பஸ் தண்டி மீனாமே. அது எத்தன மணிக்கு வரும்?"

"வந்தா வரும் மாமா. வராட்டி இல்ல."

"அதெப்படி? சாம்பிள் பாக்காம ஒரு மூட்டை எடுத்திருப்பேனா நானு?"

தினமும் இரை போட்டு அந்த மீனை வரவழைத்துக் காட்டுகிற ஊர்களும் உலகத்தில் உண்டு. அது மீனைக் கெடுக்கிற வேலை, அங்கே ஆள் அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். முதலாளி ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

2. கோம்பைப் பிள்ளை

அந்தமானுக்கு மட்டும் எனக்குக் கவலையே கிடையாது. அங்கே பேச்சி இருந்தாள்.

பேச்சிக்குச் சொந்த ஊர் கோம்பை. தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரின் ஃபுட்வால்வில் குப்பை அடைத்தால் அவளுடைய அப்பா அவளைத்தான் உள்ளே இறக்குவார். மூச்சை அடக்கிப் போய் எடுத்துவிட்டு வருவாள். கல்லூரியில் படிக்கும்போது அந்தமானுக்கு டூர் போனாள். படிப்பு முடிந்ததும் திரும்பவும் அங்கேயே போய்விட்டாள். சிலிண்டர் சுமந்து, டைவ் மாஸ்டராகி, இன்ஸ்ட்ரக்டராகி, கடைசியில் ஒரு சின்னத் தீவில் சொந்தமாக டைவ் சென்டர் போட்டாள். கடை என்றால் ஓலைக் கொட்டகையும் ஒரு படகும்தான். அவளுக்கு முதல் என்று இருந்தது, படகில் பத்து நிமிஷம் போனால் வரும் அந்தப் பவளத் திட்டு. அதை நம்பித்தான் அவள் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு போனாள்.

வாராவாரம் போன் பண்ணுவாள். "அக்கா, இந்த வாரம் தண்ணி தெளிவா இருக்கு, விசிபிலிட்டி நல்லாருக்கு. பௌர்ணமிய ஒட்டி மட்டும் புது ஆளுகள அனுப்பாதீக, நீரோட்டம் இழுக்கும்." வேலைப் பேச்சு முடிந்ததும் ஊர்ப்பேச்சு போல மீன்பேச்சு தொடங்கிவிடும். இன்ன பாறைக்குப் பின்னால் ஆக்டோபஸ் குடிவந்திருக்கிறது, கிளிமீன் கூட்டம் கல்லைக் கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கிறது, ஒற்றைத் துடுப்பு மடங்கிய ஆமை திரும்பி வந்துவிட்டது. நான் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டதெல்லாம் அவள் சொல்லித்தான். அந்தப் போனுக்காகவே நான் வேலைக்குப் போன நாட்களும் உண்டு.

3. மழைக்குக் காத்திருந்தது

இரண்டு வருஷத்துக்கு முந்திய அந்தக் கோடையில் மலையில் மழையே இல்லை. ஏலச்செடி நிழல் வலைக்குள்ளேயே இலை சுருண்டு காய்ந்தது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் வருகிறவர்கள் ஆபீஸ் வாசலில் நின்று மேற்கே மலையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். சித்திரை பிறந்த சமயத்தில் பேச்சி போன் பண்ணினாள்.

"அக்கா, தண்ணி வெந்நியா இருக்கு. பவளம் வெளுக்குது."

"வெளுத்தா என்னாகும்?"

"பவளம் கல்லு இல்லக்கா, உசுரு. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கும். அந்தப் பாசிதேன் அதுக்குக் கலரும் குடுக்கும், சோறும் ஆக்கிப் போடும். சூடு தாங்காட்டி பாசி வெளியேறிரும். அப்புறம் பட்டினி. இன்னும் சாகல. மழை பெஞ்சு தண்ணி ஆறுச்சுன்னா பொழச்சுக்கிரும்."

அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் மழையைப் பற்றித்தான். "அங்கன மேகம் கட்டுதாத்தா?" என்று நான் கேட்பேன். "இங்கன இல்லக்கா, மலையில?" என்று அவள் கேட்பாள். இரண்டு பக்கமும் இல்லை.

அந்த வாரம் பரமசிவம் மாமா வீட்டுக் கூட்டம் அவளிடம் போவதாக இருந்தது. அண்ணன் தம்பி, மகன்கள், மருமகள்கள். நான் மாமாவை ஆபீஸுக்கு வரச்சொல்லி எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"மாமா, அங்கன பவளம் சீக்காக் கெடக்கு. பொழைக்குமான்னு தெரியல. இந்தத் தடவ போகாதீக."

அவர் கோபப்படவில்லை. "எங்க தோட்டமும் காஞ்சுதேன் கெடக்கு. தெனமும் அதப் பாத்துக்கிட்டு உக்கார முடியலத்தா. நாலு நாளைக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியா எதையாச்சும் பாத்துட்டு வாரோம், விடு" என்றார்.

பேச்சியிடம், நீயாவது வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். "நான் மாட்டேன்னா பக்கத்துக் கடைக்குப் போவாக. நான் கூட்டிட்டுப் போனா அது மேல காலு படாமலாச்சும் பாத்துக்குவேன்" என்றாள்.

4. சூப்பர்

மாமா திரும்பி வந்த அன்று ஆபீஸுக்கு அல்வா வாங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏத்தா, என்னமோ சீக்கு, நோவுன்னு பயமுறுத்துன. எங்கிட்டுப் பாத்தாலும் வெள்ளை! மல்லியப்பூவக் கொட்டி வச்ச மாதிரி, சூப்பரு. பிள்ளைக வெளிய வர மாட்டேங்குதுக."

போனில் படங்களைக் காட்டினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அழகாகத்தான் இருந்தது. ஓடுகிற ஜீப்பில் இருந்தபடியே எந்த ஏலச்செடிக்கு வேரில் நோவு என்று சொல்கிற மனுஷன் அவர், அவர் கண்ணுக்கே இது நோவாகத் தெரியவில்லை.

"மாமா, அது சாகப்போகுது. அதுக்குத்தேன் அந்த நெறம்."

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "சாகுறது இம்புட்டு அழகாவாத்தா இருக்கும்?" என்று கேட்டார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார்.

படங்கள் போடி, கம்பம், சின்னமனூர் என்று எல்லா போனுக்கும் போய்விட்டன. "அந்த வெள்ளைக் கடலுக்குப் போகணும்" என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலாளி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார். வெள்ளைப் பவளத் தோட்டம், இந்தக் கோடைக்கு மட்டும் என்று கொட்டை எழுத்தில். நான் நேரே அவரிடம் போனேன்.

"அண்ணே, எழவு வீட்டுக்கு டிக்கெட் விக்கிறீக."

"நானா கொன்னேன்? சாகுறதுக்கு முந்தி நாலு பேரு பாத்துட்டுப் போகட்டுமே. ஆளு தேடி வர்றப்ப மாட்டேங்கவா?"

நான் டெஸ்க்கில் உட்கார்ந்து, வந்த ஒவ்வொருவரிடமும் அது நோய் என்று சொன்னேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள், ஐயோ பாவம் என்றார்கள். பிறகு தேதி கேட்டார்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

பேச்சி கடை போட்ட நாளிலிருந்து அப்படிக் கூட்டம் வந்ததில்லை. ஒருநாள் அவள் போனில் அழுதாள். அதற்கு முன்னால் அவள் அழுது நான் கேட்டதில்லை.

"அக்கா, கடல் சாமந்தின்னு பூ மாதிரி ஒரு சீவன் இருக்கும்ல, அதுக்குள்ள ஆரஞ்சு மீனு சோடி சோடியாக் குடியிருக்கும். அந்தச் சாமந்தியும் வெளுத்துப்போச்சு. வீடு செத்துக்கிட்டு இருக்கு, மீனு போக மாட்டேங்குது. அதுக்கு முன்னாடி நின்னு இவுக போட்டோ எடுக்கச் சொல்றாக. நான் எடுத்துக் குடுக்குறேன்."

5. பாசி

அந்த வெள்ளை இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. வைகாசி பாதியில் பவளம் செத்து, அதன்மேல் பழுப்பும் பச்சையுமாகப் பாசி படர்ந்துவிட்டது. தண்ணீர் கலங்கியது. கிளிமீன் கூட்டத்தைக் காணவில்லை. ஆக்டோபஸ் பொந்து காலி.

அப்போது போயிருந்த சின்னமனூர்க் குடும்பம் தீவிலிருந்தே எனக்குப் போன் போட்டது.

"என்னம்மா இது, ஏமாத்து வேலையா இருக்கு? வெள்ளைன்னு போர்டு வச்சீக. இங்கன ஒரே அழுக்கு. சாக்கடைக்குள்ள முங்குன மாதிரி இருக்கு. அந்தப் பிள்ளையக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது."

பேச்சியைப் பற்றி இன்டர்நெட்டில் கண்டபடி எழுதினார்கள். இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நான் ஆபீஸ் என்றும் பார்க்காமல் வாய்விட்டுத் திட்டினேன்.

பேச்சி திட்டவில்லை. "சாகுறப்ப கை தட்டுனாக, செத்த பெறகு சண்டைக்கு வாராக. அம்புட்டுதேன்க்கா" என்று போனை வைத்தாள்.

மலைக்கு ஆனியில் மழை வந்தது, கடலுக்கும் வந்தது. இரண்டு இடத்திலும் அது யாருக்கும் உதவவில்லை. பேச்சி படகைக் கைமாற்றிவிட்டு ஊர் வந்து சேர்ந்தாள்.

6. நீச்சல் குளம்

இப்போது அவள் தேனியில் ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறாள். அந்த டெஸ்க்கில் உட்கார மனசில்லாமல் நான் வேலையை விட்ட மாதம் அவளைப் பார்க்கப் போனேன். போகும் முன்பு, எனக்குத் தெரிந்த டைவ் சென்டர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டிருந்தேன். இந்தோனேசியாவில் ஒரு இடம் அவளை எடுத்துக்கொள்ளத் தயார். செங்கடலின் வடக்குக் கோடியில் பவளம் மற்ற இடத்தைவிடச் சூடு தாங்குமாம், அங்கேயும் ஆள் தேவை.

குளத்தங்கரையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தாள். குளோரின் வாடை மூக்கில் ஏறியது. நான் ஒவ்வொரு இடமாக மாதத்தோடு சொன்னேன். டெஸ்க்கில் சொல்வது போலவே சொன்னேன் போலிருக்கிறது, அவள் லேசாகச் சிரித்தாள்.

"எந்தக் கடல் வேணும்னு மட்டும் சொல்லுத்தா. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். அடியில் நீல ஓடு. வேறொன்றும் இல்லை.

"இங்கனயே இருக்கேன்க்கா. இந்தத் தண்ணியில சாகுறதுக்கு ஒண்ணும் இல்ல."

ஆயிரம் பேருக்கு இடம் சொன்னவள் நான். அவளுக்குச் சொல்ல ஒரு இடம் இல்லாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அந்த டெஸ்க்குக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். போனவர் சிரித்த முகத்தோடு திரும்பினார் என்பதை வைத்து அந்த இடம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். தினமும் அங்கே முங்குகிற ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த ஆளும் கடலை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டால், பிறகு நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.