பூட்டுப் படத்தை நானே அமுக்கினேன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதி கம்ப்யூட்டர் என்னைக் கேட்டுத்தான் ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரியும். இன்று எனக்கே அடி.

எங்கள் வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டர் என் மனைவி ஸ்டெல்லாவுடையது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அதில் ஆடிக்கொண்டிருந்த சீட்டாட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, "மூடிடாத, வந்து முடிக்கிறேன்" என்றாள். வரவில்லை.

சும்மா விட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டு அவளோடு போய்விட்டது. அதனால் ஆள் மாற்றி ஆள் மவுஸை ஆட்டினோம். அடக்கத்தன்றுகூட அவள் தம்பியை அதன் முன்னால் உட்காரவைத்துவிட்டுத்தான் கல்லறைக்கு வந்தேன்.

மாடி வீட்டு பிரவீன் ஐ.டி.க்காரன். இன்று போனில், "அங்கிள், தானா பூட்டுறத நிறுத்திரலாம். நான் வர்ற வரைக்கும் எதையும் தொட்ராதீங்க" என்றான்.

"யாராண்ட சொல்ற நைனா? இத்த நானே முடிச்சிர்றேன்."

திரையின் மூலையில் ஒரு பூட்டுப் படம் இருந்தது. அமுக்கினால் பூட்டு எடுபட்டுவிடும் என்று அமுக்கினேன். உடனே பூட்டிக்கொண்டது.

பிரவீன் ஓடி வந்தான். "அது பூட்டுற பட்டன் அங்கிள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா புது பாஸ்வேர்டு வெச்சிரலாம். ஆனா அந்த ஆட்டம் போயிரும்."

"வாணாம்பா. அப்டியே வுடு."

இப்போது திரையில் அவள் பெயர், கீழே ஒரு காலிக் கட்டம். பாஸ்வேர்டாக என் பெயரைத்தான் வைத்திருப்பாள் என்று பிரவீனிடம் அடித்துச் சொல்லி, அவன் கண்ணெதிரிலேயே போட்டேன்.

அது இல்லை.

வேறு என்னவாக இருக்கும்? அவளைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.