இரவு நாலு

றம்லாவின் கையெழுத்து வடிவானது. இதைச் சொல்லாமல் கதையைத் தொடங்க ஏலாது, ஏனென்றால் வந்த வினை அந்தக் கையெழுத்தில்தான் ஏறி வந்தது. டொக்டர்மார் கோழி கிளறின மாதிரி எழுதுவார்கள். சனத்துக்கு அது விளங்காது, கேட்கவும் வெட்கம். றம்லா எழுதின மருந்துக் கவரையோ கண்ணாடி இல்லாத கிழவரும் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பார். வாசித்தபடியே செய்வார்.

அவள் கிண்ணியாப் பிள்ளை. வாப்பா ஜமால்தீன் துறையடியில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைக்கிறவர். யாழ்ப்பாணத்தில் கம்பஸ் கிடைத்திருக்கு, மருந்தாளர் படிப்பு என்றதும் மாமா றுமைஸ் சிரித்த சிரிப்பு இன்னும் அந்த வீட்டில் கேட்கும். "மருந்துக் கடையில நிக்கிறதுக்கு நாலு வருசம் படிக்கணுமா? பத்துக் குளிசையை வெட்டிக் கவருக்குள்ள போடத்தானே?" என்றார். வாப்பா மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார்.

படித்தாள். சும்மா சொல்லக்கூடாது, விழுந்து விழுந்து படித்தாள். தூள் நிறுக்கிற தராசு, மருந்து உடம்புக்குள் போகிற வழி, சிறுநீரகம் பழுதான ஆளுக்கு அளவு குறைக்கிற விதம் எல்லாவற்றிலும் அவள்தான் முன்னுக்கு. கடைசி வருசத்தில் கடைப் பயிற்சி வந்தது. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஒரு பார்மசியில், பதிவுள்ள மருந்தாளர் ஒருவருக்குக் கீழே நின்று மருந்து கொடுக்க வேண்டும். கொடுத்ததைக் கொப்பியில் எழுத வேண்டும். முடிவில் ஒரு நோயாளியைப் பற்றி விரிவுரையாளர்களுக்கு முன்னால் பேச வேண்டும். அது சரிவந்தால்தான் பட்டம்.

வீட்டுக்குக் கிட்ட என்று திருகோணமலை டவுனிலேயே இடம் கேட்டு எடுத்தாள். மத்தியானத்தில் மான்கள் வந்து வாசல் நிழலில் படுக்கிற ஒரு கடை. மருந்தாளர் ஜெயக்காந்தன் ஐம்பது வயது ஆள், நல்ல மனுசர். முதற்கிழமை அவள் எழுதின ஒவ்வொரு கவரையும் டொக்டர் எழுதின மருந்துத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டாங்கிழமை மேலோட்டமாகப் பார்த்தார். மூன்றாங்கிழமை, "உங்கட எழுத்தைப் பார்க்கத் தேவையில்லை பிள்ளை, நீங்களே குடுங்கோ" என்றுவிட்டார். நல்ல மனுசர் செய்கிற பிழை இப்படித்தான் இருக்கும். றம்லாவுக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை, இரவு வாப்பாவுக்கும் சொன்னாள்.

அந்தக் கவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளங்கை அகலக் கடதாசிக் கவர். காலை, பகல், இரவு என்று மூன்று சொல் அச்சடித்து, பக்கத்தில் எண் எழுத இடம் விட்டிருக்கும். அவ்வளவுதான். கிழமைக்கு ஒருநாள் மட்டும் போடுகிற மருந்தும் உலகத்தில் இருக்கு என்று அதை அச்சடித்தவனுக்கு ஆர் சொல்லுறது? அப்படியான மருந்துக்கு நாளின் பெயரைக் கவரின் மேல் வெறும் இடத்தில் மருந்து கொடுக்கிறவரே எழுத வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை காலை, கடையில் ஆள் இல்லாத நேரம், றம்லா திங்கட்கிழமைப் பேச்சுக்கு ஒரு நோயாளியைத் தேடிக் கொப்பியைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் நாலு கட்டம். டொக்டர் எழுதியது, நாங்கள் கொடுத்தது, கவரில் எழுதியது, வாயால் சொன்னது. போன புதன்கிழமைப் பக்கத்தில் கை நின்றது. பெண், ஐம்பத்தெட்டு வயது, மூட்டுவாதம். டொக்டர் எழுதியது: மெதோட்ரெக்சேட், நாலு குளிசை, கிழமைக்கு ஒருநாள், ஞாயிறு இரவு. கொடுத்தது: எட்டுக் கிழமைக்கு முப்பத்திரண்டு. நல்ல நோயாளி, இதைப் பேசலாம் என்று நினைத்தபடி மூன்றாவது கட்டத்துக்கு வந்தாள்.

கவரில் எழுதியது: இரவு 4.

அதற்கு மேலே ஞாயிறு என்று ஒன்றும் இல்லை. இன்னொருமுறை வாசித்தாள். கவரில் உள்ளதை ஒரு எழுத்துக் குறையாமல் கொப்பியில் ஏற்றுகிறவள் அவள். கொப்பியில் இல்லை என்றால் கவரிலும் இல்லை. கிழமைக்கு நாலு போட வேண்டிய குளிசையை நாளுக்கு நாலு போடச் சொல்லி, தன் வடிவான எழுத்தில், கறுப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இந்த மருந்து படிப்பித்த அன்று விரிவுரையாளர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. "கிழமைக்கு ஒருமுறை எடுத்தால் மருந்து. தினமும் எடுத்தால் நஞ்சு. முதலில் வாய் புண்ணாகும். பிறகு தோல். பிறகு காய்ச்சல். அதற்குப் பிறகு என்னைக் கேட்காதீர்கள்."

எப்படி விட்டாள்? நாலாவது கட்டத்தில் 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்று மட்டும் இருந்தது, அதைப் பார்த்ததும் நினைவு வந்தது. துண்டோடு வந்தவர் அந்தப் பெண்ணின் புருசன். கருவாட்டு மணம் ஒட்டின சேட்டு, நரைத்த தாடி. அவள் "இரவு 4" என்று எழுதிப் பேனையை மேலே கொண்டுபோகிற நேரத்தில் அவர் கேட்டார், "மகள், எங்கட அம்மன் கோயில் பொங்கலுக்கு வீட்டிலை மீன் மச்சம் நிப்பாட்டியிருக்கு. அவ ஒருநேரம்தான் சாப்பிடுறவ. வெறும் வயித்திலை போடலாமோ?" அவள் தலையை நிமிர்த்தி, சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னாள். பிறகு குளிசையை எண்ணிக் கவருக்குள் போட்டாள். பேனை மேலே போகவே இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. நோயாளியின் பெயரைக் கொப்பியில் எழுதக்கூடாது என்பது கம்பஸில் முதற்கிழமையே சொல்லித்தந்த சட்டம், றம்லா சட்டம் மீறாத பிள்ளை. துண்டை அந்த மனுசர் திரும்பக் கொண்டுபோய்விட்டார். துண்டு எழுதிய டொக்டர் கிழமைக்கு ஒருநாள் வெளியூரிலிருந்து வந்து போகிறவர். அவர் இருக்கிற இடத்துக்கு அடித்தால் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஜெயக்காந்தன் கொப்பியை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. ஆரும் வருகிறார்களா என்று கதவுப் பக்கம் பார்த்தார்.

"வாயாலை சொல்லியிருப்பீங்கள், பிள்ளை."

"இல்ல சேர். நாலாவது கட்டத்துல இல்ல."

"நாலாவது கட்டத்திலை இடம் கிடக்குத்தானே." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்கட கொப்பி. நீங்கள் எழுதுறது. ஒரு வரி. உங்களுக்கும் பட்டம், எனக்கும் லைசன்ஸ். ஆளைத் தேடுவம், தேடாமல் விடச் சொல்லேல்லை. ஆனால் முதல்லை அதை எழுதுங்கோ."

பேனை அவள் கையில்தான் இருந்தது. கட்டத்தில் இரண்டு விரல் அகலம் இடம். 'ஞாயிறு மட்டும் என்று சொன்னேன்' என்பதற்கு அது தாராளம். ஒரு குருவிக்கும் தெரியவராது. ஐஸ் உடைத்து உடைத்து வெடித்த வாப்பாவின் கை ஒருபக்கம், மாமாவின் சிரிப்பு மறுபக்கம். உள்ளதை உள்ளபடி விட்டால், படித்த நாலு வருசமும் மண்ணாய்ப் போகும். எழுத வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் நான் பொய்யன்.

"குடுத்து எட்டு நாள் சேர்," என்றாள். கொப்பியை மூடிப் பையில் வைத்தாள். "அம்மன் பொங்கல் என்டு சொன்னவர். கருவாட்டு மணம் வேற. சல்லிக் கிராமமாத்தான் இருக்கும். நான் போறன்."

அவர் மறிக்கவில்லை. மறிக்காததற்காகவேனும் அவருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.

உப்புவெளி தாண்டிச் சல்லிக்கு ஓட்டோ போய்ச் சேரும்போது கடற்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று இல்லை. கருவாட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் றம்லா கேட்டாள், "அக்கா, மூட்டு வருத்தத்தால கை மடக்க ஏலாத ஒரு அம்மா இந்தப் பக்கம் இருக்கிறாவா? அறுபது வயது வராது."

"சிவகாமிப்பிள்ளை அக்காவையோ? தங்கத்துரை அண்ணற்றை மனுசி." அந்தப் பெண் றம்லாவின் முக்காட்டையும் பையையும் ஒருக்காப் பார்த்தாள். "இப்ப அங்கை போகக்கூடாது தங்கச்சி. அக்காவுக்கு அம்மாள் வந்திருக்கு."

"அம்மாள் என்டா?"

"அம்மாள் வருத்தம், அம்மை நோய். வாயெல்லாம் புண், உடம்பிலை சிவப்புச் சிவப்பாய்ப் போட்டிருக்கு. நேற்றிலிருந்து காய்ச்சலும். பொங்கல் நேரம் அம்மாள் வீடு தேடி வந்தது எண்டு ஊரே கதைக்குது."

வாய். தோல். காய்ச்சல். பாடம் சொன்ன அதே வரிசை. "யா அல்லாஹ்" என்று வாய்க்குள் சொன்னபடி அந்தப் பெண் காட்டின வீட்டுக்கு ஓடினாள்.

வேலிப் படலையில் வேப்பங்குழை செருகியிருந்தது. வாசலில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. உள்ளேயிருந்து வந்தவர் அதே நரைத்த தாடி. படலைக்கு இந்தப்பக்கம் அவள், அந்தப்பக்கம் அவர்.

"மகள், உள்ளுக்கு வரப்படாது. அம்மாள் வந்த வீடு." பிறகு அடையாளம் பிடித்து, முகம் மலர்ந்தார். "நீங்கள் மருந்துக் கடைப் பிள்ளையெல்லோ?"

"ஐயா, நான் தந்த குளிசை போடுறாவா?"

"இல்லை. அம்மாள் வந்தால் மருந்து குடுக்கிறேல்லை. திங்கட்கிழமை வாய் அவிஞ்ச உடனை எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டன்."

புதனிலிருந்து ஞாயிறு வரை ஐந்து இரவு. அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நான் ஆளில்லை, மிச்சக் குளிசையை அந்த வாய்க்குள் போகாமல் மறித்தது அதுதான். ஆனால் ஆஸ்பத்திரியை மறித்துக்கொண்டு நின்றதும் அதுதான். றம்லா ஆஸ்பத்திரி என்ற சொல்லை எடுத்ததும் அவர் இரண்டு கையையும் உயர்த்தினார்.

"அந்தக் கதை வேண்டாம் மகள். அம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கோவிப்பா. மூண்டு தண்ணி வார்த்தால் இறங்கிப் போயிடுவா."

காய்ச்சலுக்குப் பிறகு என்ன என்று அவளுக்குத் தெரியும். மூன்று தண்ணீருக்கு அந்த உடம்பு தாங்காது. இவரை அசைக்க அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஐயா, அந்தக் கவரைக் கொண்டாங்க."

கொண்டுவந்தார். பன்னிரண்டு குளிசை மிச்சம். கவரின் முகத்தில் அவளுடைய எழுத்து, முத்து முத்தாக.

"இது அம்மாள் இல்ல ஐயா. இது நான். இந்த நாலு குளிசையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். அதை நான் எழுதாம விட்டுட்டன். உங்கட மனுசிக்கு இப்ப நஞ்சு ஏறியிருக்கு. இதுக்கு மாற்று மருந்து ஆஸ்பத்திரியில இருக்கு. தயவுசெய்து இப்பவே கூட்டிக்கொண்டு போவம். பிறகு என்னைப் பொலிசுக்குக் குடுங்க, அடிங்க, எதுவும் செய்ங்க."

தங்கத்துரை கவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏசுவார் என்று அவள் காத்திருந்தாள், ஏசவில்லை.

"அவவுக்குக் கை மடங்காது," என்றார் மெல்ல. "ஒவ்வொரு இரவும் நான்தான் எண்ணி எண்ணி வாயிலை வைச்சனான்."

பிறகு வேப்பங்குழையை உருவி எடுத்து, கண்ணில் ஒற்றி, படலையோரம் கிடத்தினார். உள்ளே போய் மனுசியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பெரியாஸ்பத்திரியில் டியூட்டி டொக்டர் ஒரு இளம்பெண். கவரையும் பன்னிரண்டு குளிசையையும் மேசையில் வைத்துவிட்டு, "இதை யார் எழுதினது?" என்று கேட்டாள். றம்லா பையிலிருந்து கொப்பியை எடுத்துப் புதன்கிழமைப் பக்கத்தை விரித்து வைத்தாள். நாலாவது கட்டம் இருந்தபடியே இருந்தது. "நான்," என்றாள். டொக்டர் பெயரைக் கேட்டாள், கம்பஸைக் கேட்டாள், இரண்டையும் எழுதிக்கொண்டாள். இனித் திங்கட்கிழமைப் பேச்சு இல்லை.

மாற்று மருந்து ஏற்றினார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் மோசமாக இறங்கியிருக்கு, கிருமி ஒன்று தொற்றாமல் மூன்று நாள் போனால் பார்ப்பம், இப்போது ஒன்றும் சொல்ல ஏலாது என்றாள் டொக்டர். வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாப்பாவின் போன் இரண்டு தரம் வந்தது, றம்லா எடுக்கவில்லை.

ஐந்து மணிபோல வார்ட்டுக்குள் இரண்டு பேரையும் தூரத்தில் நின்று பார்க்க விட்டார்கள். சிவகாமிப்பிள்ளை கண்ணைத் திறந்து முக்காடு போட்ட பிள்ளையைப் பார்த்தாள். உதடு வெடித்து இரத்தம் கசிந்திருந்தது. இவ ஆர் என்று புருசனிடம் கண்ணால் கேட்டாள்.

தங்கத்துரை ஒருமுறை றம்லாவைப் பார்த்தார். "மருந்து தந்த பிள்ளை," என்றார்.

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. வீங்கின நாக்கைப் புரட்டிப் புரட்டி, தான் சொன்னபடி செய்யாத குழப்படிக்காரி இல்லை என்று பிள்ளைக்கு விளங்கவேண்டுமே என்ற அவசரத்தில் சொன்னாள்:

"நீங்கள் எழுதித் தந்தபடிதான் மகள். அம்மாள் வரும்வரைக்கும் ஒரு இரவும் தவறவிடேல்லை."

தங்கத்துரை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். றம்லா அங்கேயே நின்றாள்.