மஞ்சள் தொண்டைச் சின்னான்

பாண்டிச்செல்வி முன்கோபக்காரி. கல்யாணமான புதிதில் கை ஓங்கிய புருஷனை அம்மிக்குழவியைத் தூக்கிக் காட்டி அடக்கியவள். அவன் லாரியில் அடிபட்டுச் செத்தபிறகு, நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே ஒரு பாறைக் குன்றுக்கு வனத்துறையின் தற்காலிகக் காவலராகச் சேர்ந்தாள்.

அந்தக் குன்றில் இரண்டு வகைச் சின்னான் குருவிகள் உண்டு. வெண்புருவச் சின்னான் புதர், வேலி, தோட்டம் என்று எங்கும் கத்தித் திரியும். அதற்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. மஞ்சள் தொண்டைச் சின்னானும் தூரத்துப் பார்வைக்கு அதே மாதிரிதான். ஆனால் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் அதற்கு வேறு இடமே கிடையாது. குன்றுகளை உடைக்க உடைக்க அதுவும் குறைந்து, அழியும் ஆபத்திலுள்ள பறவைகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

மாசி மாதம் ஒருநாள் காலையில் மேலே ஏறியவள் பாறை இடுக்கில் வலையைப் பார்த்தாள். பக்கத்தில் குந்தியிருந்தவன் அவள் கொழுந்தன் முத்துக்கருப்பன். சாக்கில் கழுத்துத் திருகிய பறவைகள்.

"கறிக்குத்தான் மதினி. சின்னான் குருவிதானே, ஊருக்குள்ள அம்புட்டுக் கெடக்கு."

"கீழ கெடக்குறது வேறடா. இதுக்கு இந்தப் பாறைய விட்டா போக்கிடம் இல்ல. எந்திரி."

அவளைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றின் கழுத்தைத் திருகினான்.

அவள் கையிலிருந்த தடி அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் இடது கையால் கல்லை எடுத்து அவள் நெற்றியில் அறைந்தான். ரத்தம் கண்ணை மறைக்க விழுந்தவளை விலாவில் மிதித்தான். மிதித்த காலை இழுத்துக் கெண்டைச்சதையைக் கவ்வினாள். அவன் அலறிக்கொண்டு பாறையிலிருந்து உருண்டான்.

வலையை அறுத்தாள். வெண்புருவம் இரண்டு விருட்டென்று பறந்தன. இறக்கை கிழிந்த மஞ்சள் தொண்டை ஒன்று அவள் உள்ளங்கையிலேயே அடங்கிப்போனது.

தலையில் தையலோடு போய்ப் புகார் கொடுத்தாள். மாமியார் அவள் துணிமணியைத் தெருவில் எறிந்தாள். "குருவிக்காக எம்மகன உள்ள தள்ளிட்டியேடி!"

"அவன் கழுத்தத் திருகாம விட்டேனே, அதுக்குச் சந்தோசப்படுங்க" என்று சொல்லிவிட்டு, தனியாக வீடு பிடித்துப் போனாள்.

ஜாமீனில் வந்ததும் முத்துக்கருப்பன் குடித்துவிட்டு வந்து அந்த வீட்டுக் கதவை அரிவாளால் கொத்தினான். பாண்டிச்செல்வி உலையில் கொதித்த கஞ்சியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றி வந்து, அவன் முதுகில் கவிழ்த்தாள். தெருவே கூடி நின்று பார்த்தது. ஒருத்தரும் குறுக்கே வரவில்லை.

அதற்குப்பிறகு அவன் அந்தப் பக்கம் வருவதில்லை. வலை விரிக்க இப்போது வேறு ஆட்கள் வருகிறார்கள்.