மூன்றாவது சாவி

அக்கா புருஷனை நாங்கள் பாவா என்போம். அவர் பைக் சாவிக்கொத்தில் கட்டைவிரல் அளவில் கறுப்பாக ஒன்று தொங்கும். பார்ப்பவர்கள் பென்டிரைவ் என்று நினைத்துக்கொள்வார்கள். டீக்கடை மேஜையில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் பாவா பேச்சையே ஆரம்பிப்பார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல என்னிடம் இன்றுவரை நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை.

பெங்களூரு வேலையை விட்டுவிட்டுத் திருத்தணியில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறையில் நான் ஓர் இணையதளம் கட்டினேன். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை செய்து கொடுப்பவர்களுக்கானது. வேலை கொடுப்பவர் பணத்தை முதலிலேயே பிளாக்செயினில், யாரும் அழித்தெழுத முடியாத இணையக் கணக்கேட்டில், பூட்டிவிட வேண்டும். அதற்குப் பென்டிரைவ் போன்ற கருவியாகச் சாவி மூன்று: கொடுப்பவருக்கு ஒன்று, செய்பவருக்கு ஒன்று, தகராறு வந்தால் தீர்த்துவைக்கும் நடுவருக்கு ஒன்று. எந்த இரண்டு சேர்ந்தாலும் பணம் நகரும். நகர்ந்துவிட்டால் என்னாலேயே திருப்ப முடியாது. அந்தப் பெருமையில் கால் தரையில் படாமல் திரிந்தேன்.

நடுவர் சாவியைப் பாவா கேட்டார். ஜவுளி முதலாளிகளைப் பிடித்து வருவதே அவர்தான். அவர் கையில் அது போகக்கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தயங்கினேன். எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர், எல்லார் முன்னாலும் சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "என்ன நம்பலன்னா, உங்க அக்காவ எத நம்பி மச்சான் குடுத்தீங்க?" அக்காவின் முகம் செத்துப்போனது. மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொன்ன வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுக்கச் சொன்னாள் அம்மா. சீர் கொடுப்பதுபோல் கொடுத்தேன், மடையன்.

அம்மையார்குப்பத்தில் சேலை பார்டருக்கு டிசைன் போடும் பெண் ஒருத்தி, என் பேச்சை நம்பி நூல்கடை வேலையை விட்டுவிட்டு வந்தாள். "மனுசன் ஏமாத்துவான், இது ஏமாத்தாது" என்று அவளிடம் சொன்னவன் நான். ஒரு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அவள் போட்ட டிசைனை வாங்கிக்கொண்ட முதலாளி, பிடிக்கவில்லை, பணத்தைத் திருப்பு என்றார். அவளை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பாவா அவரோடு சேர்ந்து சாவியைப் போட்டார். பணம் போய்விட்டது. அடுத்த வாரமே அதே பார்டர் அவள் தெருவிலேயே விசைத்தறியில் ஓடியது. செல்லில் படமெடுத்து வந்து காட்டினாள்.

பாவாவிடம் போய்க் கத்தினேன். "ஆங், தெரியும். அந்த முதலாளி இன்னும் பத்து வேல குடுப்பாரு. இந்தப் பொண்ணு ரெண்டு நாளு அழுதுகினு இருக்கும், அப்புறம் சரியாயிடும். பொழைக்கத் தெரியாத ஆளு மச்சான் நீ" என்றார். பல் குத்திக்கொண்டே சொன்னார்.

அதே தொகையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அதைத் தொடவில்லை. "இது உங்க பணம் சார். எனக்கு வேணாங்க. உங்க பாவாவ நாலு பேருக்கு முன்னால கேளுங்க, அவரு கையால வாங்கிக்கினு வாங்க" என்றாள். கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன மாதம் மலைமேல் முருகன் கோயிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். இன்று கேட்டுவிடுவது என்றுதான் படியேறினேன். தாய்மாமன் என்று மொட்டைத் தலையோடு குழந்தையை என் மடியில் உட்கார வைத்தார்கள். பாவா பக்கத்தில் வந்து என் தோளில் கை போட்டார். வாயைத் திறக்கப் போனேன். எதிரே அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள், சாமியை அல்ல, என்னை.

அன்று எடுத்த படம் வந்திருக்கிறது. அதில் நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.